ஒன்பது இரவுகள், மூன்று குரோன்கள்

மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த நாளுக்கும் அவள் கல்லூரி விடுதிக்குப் பெட்டி கட்ட வேண்டிய நாளுக்கும் இடையில் எங்களுக்குக் கிடைத்தவை சில வாரங்களே. அவற்றுள்ளும் எங்கள் இருவருக்கும் ஒருசேர விடுப்பு வாய்த்தது மே மாத இறுதியில் பதினொரு நாட்கள். அதன்பின் மூவரும் சேர்ந்து ஒரு நெடும்பயணம் போகும் வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல இயலாது. பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பிய பெற்றோர் இதை நன்கு அறிவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இதை மனத்தில் கொண்டு தொடங்கிய தொடர் வைப்புக் கணக்கு அந்த மார்ச் மாதத்தில் முதிர்வடைந்தது. செல்ல வேண்டிய இடம் பற்றி வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை. பழைய நாட்காட்டிப் படம் ஒன்றை மகள் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள். செங்குத்தான இரு மலைகளுக்கு நடுவே, கரும்பச்சை நீரில் ஒரு சிறு கப்பல். நோர்வே நாட்டின் ஃபியோர்டு அது.

இடம் முடிவானது எளிது. வழி முடிவானதுதான் கடினம். முதல் பட்டியலைத் தயாரித்தவள் மகள். கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ, பெர்கன், கெய்ராங்கர் ஃபியோர்டு, லோஃபோட்டன் தீவுகள், ஐரோப்பாவின் வடகோடிப் பகுதியில் உள்ள நார்த் கேப், அங்கே நள்ளிரவுச் சூரியன், முடிந்தால் வடதுருவ ஒளி. இத்தனையும் ஒன்பது இரவுகளில்! வரைபடத்தை விரித்து அளந்தபோதுதான் நோர்வே எவ்வளவு நீளமான நாடு என்பது புரிந்தது. ஓஸ்லோவுக்கும் நார்த் கேப்புக்கும் இடையிலான வான்தொலைவு, மும்பைக்கும் தில்லிக்கும் இடையில் உள்ளதைவிட அதிகம். நள்ளிரவுச் சூரியனை ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேதான் காண முடியும்; ஓஸ்லோ, பெர்கன், ஸ்டாக்ஹோம் ஆகிய மூன்றும் அதற்கு வெகு தெற்கே, ஏறத்தாழ 59, 60 பாகை அட்சரேகையில் உள்ளன. வடதுருவ ஒளிக்கோ இருள் வேண்டும். மே இறுதியில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆகவே அந்த இரண்டும் நீங்கின. மகளுக்கு வருத்தம்தான்.

எஞ்சியவற்றையும் குறைக்க நாங்கள் கைக்கொண்ட முறை ஒன்று உண்டு. பயணத் திட்டத்தில் நாட்களை எண்ணாமல் இரவுகளை எண்ணினோம். நாட்களை எண்ணினால் ஊர் மாறும் நாள் இரண்டு ஊர்களின் கணக்கிலும் வந்துவிடும். தாளில் எல்லாம் அடங்குவது போலத் தோன்றும், காலில்தான் அடங்காது. இரவுகளை எண்ணியதும் கெய்ராங்கரும் லோஃபோட்டனும் தாமாகவே விலகிக்கொண்டன. இறுதியில் நின்ற வழி இது: கோபன்ஹேகனில் இரண்டு இரவுகள், அங்கிருந்து ஓஸ்லோ செல்லும் கப்பலில் ஓர் இரவு, ஓஸ்லோவில் ஒன்று, ஃபியோர்டின் கரையில் உள்ள ஃப்லோம் சிற்றூரில் ஒன்று, பெர்கனில் இரண்டு, பிறகு விமானத்தில் ஸ்டாக்ஹோம் சென்று அங்கே இரண்டு. கோபன்ஹேகனில் இறங்கி ஸ்டாக்ஹோமிலிருந்து திரும்பும் வகையில் விமானச் சீட்டு வாங்கினோம். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் சீட்டைவிட அது சற்றுக் கூடுதல் விலைதான். ஆயினும் ஒரு முழு நாளும் ஒரு நீண்ட ரயில் பயணமும் மிச்சமாயின.

இந்த வழி முடிவாகும் முன்பே நாங்கள் ஒரு தவறு செய்தோம். டென்மார்க், சுவீடன், நோர்வே மூன்றும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தவை. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. எனவே ஒரே விசா போதும். அதை எந்த நாட்டிடம் கேட்பது என்பதற்குத் தெளிவான விதி இருக்கிறது: எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்; இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். எங்கள் பழைய திட்டத்தில் ஸ்டாக்ஹோமுக்கு நான்கு இரவுகள் இருந்தமையால் சுவீடனுக்கு விண்ணப்பிக்க நேரம் வாங்கினோம். பின்னர் ஃபியோர்டுக்காக நோர்வேயில் இரவுகளைக் கூட்டினோம். விண்ணப்பத்துக்கு நான்கு நாட்களுக்கு முன்பு, தங்குமிடச் சீட்டுகளை வரிசையாக அடுக்கி இரவுகளை எண்ணிய பிறகே எங்களுக்கு விழிப்பு வந்தது. நோர்வே நான்கு, சுவீடன் இரண்டு, டென்மார்க் இரண்டு. வாங்கிய நேரத்தைக் கைவிட்டு நோர்வேக்குப் புதிதாக நேரம் பெறுவதற்குள் மூன்று வாரங்கள் ஓடிவிட்டன. நாள்தோறும் கூட்டல் கழித்தல் செய்து பிழைப்பு நடத்தும் ஒருவர் இருக்கும் வீட்டில் இப்படி நடந்ததை மகள் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள்.

விசா விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். பதினைந்து நாட்களுக்கும் குறைவாக இருந்தால் ஏற்பதில்லை. முடிவு பெரும்பாலும் பதினைந்து நாட்களில் வரும், ஆனால் நாற்பத்தைந்து நாட்கள் வரை நீளவும் விதியில் இடம் உண்டு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள சிறுவர்க்கு 45 யூரோ. இடையில் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியிலிருந்து வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதங்களேனும் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். எங்கள் கடவுச்சீட்டுகள் கைக்கு வந்தபோது விமானத்துக்கு ஆறு நாட்களே இருந்தன. அந்த இடைப்பட்ட வாரங்களில் வீட்டில் யாரும் ஃபியோர்டு என்ற சொல்லை உச்சரிக்கவில்லை.

இங்கே வங்கி மேசையின் மறுபுறத்திலிருந்து ஒரு செய்தி. விசாவுக்காக வங்கிக் கணக்கு அறிக்கை கேட்டு வரும் வாடிக்கையாளர்களுள் சிலர், அதற்கு முந்தைய வாரத்தில் உறவினரிடமிருந்து பெருந்தொகை ஒன்றைத் தம் கணக்கில் வாங்கிப் போட்டிருப்பர். அறிக்கையைப் படிக்கும் தூதரக அலுவலர் முதலில் காண்பது அதைத்தான். மாத ஊதியம் அல்லது ஓய்வூதியம் வருவதும், செலவு போவதும், சிறிது மீதி நிற்பதுமாக ஓடும் கணக்கே அவருக்கு நம்பிக்கை தரும். வேறு சிலர் நல்ல வட்டியில் இருக்கும் நிரந்தர வைப்பை முறித்து, சேமிப்புக் கணக்கில் இருப்பைப் பெருக்கிக் காட்டுகின்றனர். தேவையே இல்லை. வைப்புச் சான்றும் கணக்கு அறிக்கையும் சேர்ந்தே உங்கள் நிதி நிலையைக் காட்டிவிடும். முன்கூட்டியே முறிப்பதால் வட்டியில் ஏற்படும் இழப்பு மூவரின் விசாக் கட்டணத்தைவிட அதிகமாக இருந்ததையும் பார்த்திருக்கிறோம்.

எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். மாதம் ₹15,000 வீதம் 36 மாதங்கள் கட்டினால் நாம் செலுத்துவது ₹5,40,000. ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டி, காலாண்டுக் கூட்டுமுறை என்று கொண்டால் முதிர்வில் ஏறத்தாழ ₹5,97,000 கிடைக்கும். தங்குமிடம், ரயில், கப்பல், உணவு ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும் என்று எல்லை வகுத்தோம். விமானச் சீட்டுகளை அவ்வாண்டு கிடைத்த ஊதிய நிலுவையிலிருந்து வாங்கினோம். சுற்றுலாவுக்காகத் தனிநபர் கடன் வாங்குவதை நாங்கள் விரும்புவதில்லை. எங்கள் கிளையிலும் அதற்கு விண்ணப்பிக்க வருவோர் உண்டு. தகுதி இருப்பின் மறுப்பதில்லை. ஆனால் பயணம் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்தும் அதன் தவணை கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும் என்பதை ஒருமுறை எடுத்துச் சொல்லாமல் இருப்பதுமில்லை.

அந்நியச் செலாவணியில் ஒரு சிக்கல் இப்பயணத்துக்கே உரியது. யூரோ வாங்கிச் சென்றால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். மூன்று நாடுகளில் ஒன்றிலும் யூரோ நாணயம் இல்லை. டென்மார்க்கின் குரோன் வேறு, நோர்வேயின் குரோன் வேறு, சுவீடனின் குரோனா வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் உண்டு: 1873இல் டென்மார்க்கும் சுவீடனும், ஈராண்டுகள் கழித்து நோர்வேயும் இணைந்து தங்க அடிப்படையில் ஒரு நாணய ஒன்றியத்தை அமைத்தன. முதல் உலகப் போர் அதைக் குலைத்தது; பெயர் மட்டும் நின்றுவிட்டது. நோர்வே, சுவீடன் நாணயங்கள் அண்மைக் காலத்தில் நம் பணத்தில் எட்டு முதல் பத்து ரூபாய்க்குள் ஏறி இறங்குகின்றன; டென்மார்க்கின் குரோன் ஏறத்தாழ அவற்றின் ஒன்றரை மடங்கு. ஒரு குரோனைப் பத்து ரூபாய் என்றும், டென்மார்க்கில் பதினைந்து ரூபாய் என்றும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டால் பிழை நம் பக்கம் சாயாது.

பயண அட்டை வாங்குவோர் அதில் இந்த மூன்று நாணயங்களையும் ஏற்ற முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். எல்லா அட்டைகளிலும் நோர்வே குரோன் இருப்பதில்லை. யூரோவை ஏற்றிக்கொண்டு குரோனில் செலவு செய்தால் நாணய மாற்றுக் கட்டணம் தனியே பிடிக்கப்படும். கடன் அட்டையாயின் மாற்று விகிதத்தின் மேல் ஒரு கூடுதல் விழுக்காடும் அதன் மேல் சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்க. எந்த அட்டையாயினும் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம் கேட்டுத் திறந்துவிட்டால்தான் அது அங்கே வேலை செய்யும். செயலியில் ஒரு நிமிட வேலை அது. கடையில் அட்டையைச் செருகியதும், தொகையை ரூபாயில் வசூலிக்கவா, குரோனில் வசூலிக்கவா என்று கருவி சில இடங்களில் கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் நமக்கு ஒரு பற்று வரும். அதைத் தொடாதீர்கள். குரோனையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது அந்தக் கருவியின் உரிமையாளர். அது நமக்குச் சாதகமாக இருந்ததை நாங்கள் கண்டதில்லை.

தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம் என்பதும், பயணத்துக்கு நாணயத் தாளாக எடுத்துச் செல்லத்தக்கது 3,000 டாலர் மதிப்பு வரை என்பதும் வாடிக்கையாளர் பலர் அறிந்தவையே. செலாவணி வாங்கும்போது ரொக்கமாகச் செலுத்தும் தொகை ₹50,000ஐத் தாண்டக் கூடாது. சுற்றுலா நிறுவனத்திடம் முழுத் தொகுப்பாகப் பயணம் வாங்கினால் மூலத்தில் வரி வசூலிக்கப்படும். விகிதமும் வரம்பும் நிதிநிலை அறிக்கைகளில் அடிக்கடி மாறுவதால் நடப்பு நிலையைக் கிளையில் கேட்டறிக. அந்த வரி செலவன்று. வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். ஊதியம் பெறுவோர் அலுவலகத்தில் தெரிவித்தால் மாதப் பிடித்தத்திலேயே சரிசெய்வர்.

இனிப் பயணத்துக்கு வருவோம்.

கோபன்ஹேகனில் எல்லோரும் காணச் செல்லும் கடற்கன்னிச் சிலை உயரம் ஒன்றேகால் மீட்டர்தான். 1913 முதல் அந்தப் பாறையில் அமர்ந்திருக்கிறாள். ஏமாற்றம் அடைய விரும்பாதோர் அளவை முன்பே அறிந்து செல்வது நல்லது. எங்களை நிற்க வைத்தவர் வேறொருவர்: நான்காம் கிறிஸ்தியான் மன்னர். ரோசன்போர்க் மாளிகை, 1642இல் முடிந்த வட்டக் கோபுரம், பழைய பங்குச் சந்தைக் கட்டடம் எல்லாம் அவர் காலத்தவை. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் உடன்பாடு ஏற்பட்டுத் தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை எழுந்ததும் இவர் ஆட்சியில்தான். இரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் இவருக்கு அனுப்பிய மடல் இன்றும் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்கும் வரை இருநூற்று இருபத்தைந்து ஆண்டுகள் அந்தத் தொடர்பு நீடித்தது. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிய வடிவில் கோபுரம் தாங்கி நின்ற அந்தப் பங்குச் சந்தைக் கட்டடம் 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பற்றி, கோபுரம் சரிந்தது. நாங்கள் கண்டது சாரங்களுக்குள் நிற்கும் சுவர்களை. வணிகவியல் படித்த எவருக்கும் அங்கே சிறிது நேரம் நிற்கத் தோன்றும்.

ஓஸ்லோ கப்பல் பிற்பகலில் புறப்பட்டு மறுநாள் முற்பகலில் சேர்கிறது. அறை வாடகை கோபன்ஹேகனில் ஓர் இரவு விடுதி வாடகைக்கு அருகில் வரும். அதனுள்ளேயே பயணமும் அடங்கிவிடுகிறது என்பதால் இதைத் தேர்ந்தோம். ஷேக்ஸ்பியர் ஹாம்லெட் நாடகத்துக்குக் களமாக்கிய குரோன்போர்க் கோட்டை மாலையில் இடப்புறம் தெரியும். காலையில் ஓஸ்லோ ஃபியோர்டுக்குள் கப்பல் நுழையும்போது மலைச் சுவர்களை எதிர்பார்க்க வேண்டாம். தாழ்ந்த தீவுகளும் மரவீடுகளும்தான் அங்கே. மகள் மேல்தளத்தில் நின்று, "இதுதானா?" என்று கேட்டாள். இல்லை என்றோம்.

ஓஸ்லோவுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் என்பது குறைவு. ஆயினும் நாங்கள் அதிலிருந்து இன்னொரு நாள் எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை. விகெலன் பூங்காவின் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்களைக் காணக் கட்டணம் இல்லை. ஓபரா அரங்கின் சரிந்த கூரைமேல் நடக்கவும் கட்டணம் இல்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 10 அன்று அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்படும் நகர மன்ற மண்டபத்திலும் அவ்வாறே. 2014இல் கைலாஷ் சத்யார்த்தி பரிசு பெற்றது அங்கேதான். வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் புதுப்பிக்கும் பணிக்காக 2022 முதல் மூடப்பட்டது. திறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே திட்டத்தில் சேர்க்க வேண்டும். அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை திறப்பதில்லை. மே 17 நோர்வேயின் தேசிய நாள், ஜூன் 6 சுவீடனின் தேசிய நாள். கிறிஸ்து விண்ணேற்ற விழாவுக்கு மூன்று நாடுகளிலும் பொது விடுமுறை. நோர்வேயில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை மாலையே ரொட்டியும் பழமும் வாங்கிக்கொள்வது நலம்.

ஓஸ்லோவிலிருந்து பெர்கன் செல்லும் ரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டது. பயணச் சீட்டை முன்கூட்டி வாங்குவதற்கும் கடைசி நேரத்தில் வாங்குவதற்கும் விலையில் பெருத்த வேறுபாடு உண்டு; சலுகைச் சீட்டில் பணம் திரும்பாது. விசா வரும் முன்பே அதை நாங்கள் வாங்கிவிட்டிருந்தோம் என்பதுதான் அந்த ஆறு நாள் பதற்றத்தின் பெரும் பகுதி. விடுதிகளை ரத்து செய்யத்தக்க முறையில் பதிவு செய்திருந்தமையால் அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. இப்போது கேட்டால், விடுதிகளுக்குச் சிறிது கூடுதலாகக் கொடுத்தேனும் ரத்து வசதியைப் பெறுங்கள், ரயில் சீட்டை விசா வந்த பின் வாங்குங்கள் என்றே சொல்வோம். அப்படிச் செய்திருந்தால் எங்களுக்கு அந்த விலையில் கிடைத்திருக்காது என்பதும் உண்மை.

வண்டி காடுகளையும் ஏரிகளையும் கடந்து மெல்ல மேலே ஏறுகிறது. 1,222 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபின்ஸே இப்பாதையின் மிக உயர்ந்த நிலையம். மே மாதக் கடைசி வாரத்திலும் அங்கே நடைமேடை வரை பனி கிடந்தது. அடுத்து சிறிது தொலைவில் மிர்தால். அங்கே இறங்கி ஃப்லோம் ரயிலுக்கு மாற வேண்டும். 1940இல் திறந்த இந்தச் சிறு பாதையின் நீளம் இருபது கிலோமீட்டர். அதற்குள் 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டம் வரை இறங்குகிறது. இருபது சுரங்கங்கள். பாதையின் பெரும் பகுதியில் பதினெட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. பல்சக்கரம் ஏதும் இல்லாமல் சாதாரணத் தண்டவாளத்திலேயே இது நடக்கிறது. இடையில் க்யோஸ்ஃபோசன் அருவிக்கு எதிரே வண்டி சில நிமிடங்கள் நிற்கும். பனி உருகும் காலமாதலால் அருவியின் சாரல் நடைமேடையில் நின்றோர் அனைவரையும் நனைத்தது. ஃபியோர்டைக் காண மே இறுதியும் ஜூனும் ஏற்றவை என்று சொல்வதற்குக் காரணம் இந்த நீர்தான். ஜூலையில் வெயில் கூடும், கூட்டமும் கூடும், அருவிகள் சில மெலிந்துவிடும்.

பெரும்பாலோர் ஃப்லோமில் தங்குவதில்லை. ஓஸ்லோவில் காலையில் ஏறி, மிர்தால், ஃப்லோம், படகு, பேருந்து, மீண்டும் ரயில் என்று இரவுக்குள் பெர்கன் சேர்ந்துவிடுகின்றனர். நேரம் குறைவானவர்க்கு அது நல்ல ஏற்பாடு. நாங்கள் ஓர் இரவு தங்கினோம். அதற்காகவே ஓஸ்லோவில் ஓர் இரவைக் குறைத்தோம். பகலில் பெருங்கப்பல் பயணிகளால் நிரம்பியிருந்த அந்தச் சிற்றூர், மாலையில் கப்பல் போனதும் வெறிச்சோடியது. இரவு பத்து மணிக்கு மேலும் வானம் வெளுத்தே இருந்தது. கரையில் நடந்தோம். மூவரும் அதிகம் பேசவில்லை. விடுதியில் தன் அறைத்தோழி யாராக இருப்பாள் என்று மகள் கேட்டாள். எங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது அதுவே முதல்முறை.

மறுநாள் காலை மழை. ஃப்லோமிலிருந்து குத்வாங்கன் வரை படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இந்தத் தடத்தில் 2018 முதல் முழுக்க மின்கலத்தால் ஓடும் படகு இயங்குகிறது. எந்திர இரைச்சல் இல்லாததால் அருவிகளின் ஒலி தனித்துக் கேட்கிறது. பனியாறுகள் பல்லாயிரம் ஆண்டுகள் மலையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்தால் ஃபியோர்டு. நாங்கள் சென்றது சோக்னே ஃபியோர்டின் கிளை. சோக்னே ஃபியோர்டு நாட்டுக்குள் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதன் ஆழம் சில இடங்களில் 1,300 மீட்டர். படகு நேரோய் ஃபியோர்டுக்குள் திரும்பியபோது இருபுறமும் சுவர்கள் நெருங்கின. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர். 2005இல் யுனெஸ்கோ இதையும் கெய்ராங்கரையும் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மேகம் பாதி மலைவரை இறங்கியிருந்தமையால் உச்சிகள் தெரியவில்லை. நாட்காட்டிப் படத்தில் இருந்த நீலவானம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மகள் மழைக்கோட்டின் தலைமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரமும் வெளித்தளத்திலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லி இருமுறை அழைத்தோம். பிறகு நாங்களும் வெளியே சென்றுவிட்டோம்.

குத்வாங்கனிலிருந்து பேருந்தில் வோஸ், அங்கிருந்து ரயிலில் பெர்கன். ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஊர் அது. மும்பையின் அளவுக்கு நிகர். ஆனால் மும்பையில் நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ப்பது, அங்கே ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டே இருக்கிறது. குடையைவிடத் தலைமூடி உள்ள மழைக்கோட்டு உதவும். துறைமுகத்தை ஒட்டிய பிரிக்கன் மரக்கட்டடங்கள் ஹான்சா வணிகர்களின் பண்டகசாலைகள். 1979 முதல் உலக மரபுப் பட்டியலில் உள்ளன. ஃப்லோயன் குன்றுக்கு 1918 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. 320 மீட்டர் உயரத்தில் நகரமும் தீவுகளும் விரிந்து தெரியும். முன்பதிவு செய்யாமல் வானம் வெளுக்கும் நேரம் பார்த்து ஏறுங்கள்.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர் மன்னியார். உணவகத்தில் மூவர் எளிய இரவுணவு கொள்வதற்கு ஆகும் தொகையைக் குரோனிலிருந்து ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் பசி போய்விடும். சமையல் வசதியுள்ள அறைகளை எடுத்தோம். அரிசியும் காய்கறியும் தயிரும் பேரங்காடிகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பொடி வகைகளும் ஊறுகாயும் இங்கிருந்து சென்றன. பால், நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களையும் இறைச்சியையும் பெட்டியில் கொண்டு செல்ல அங்கே தடை உண்டு. குடிநீர் வாங்க வேண்டாம், குழாய் நீரே நன்னீர். வாங்கும் புட்டிகளுக்கு வைப்புத் தொகை சேர்த்தே வசூலிக்கின்றனர். காலிப் புட்டியைக் கடையில் உள்ள எந்திரத்தில் போட்டால் தொகை திரும்பும். சொல்லப்போனால் எங்கள் மகள் ஆர்வத்துடன் நடத்திய முதல் வைப்புக் கணக்கு அதுதான்.

ஸ்டாக்ஹோமில் முதலில் வாசா அருங்காட்சியகம் சென்றோம். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதற்பயணம் புறப்பட்ட அந்தப் போர்க்கப்பல், ஒரு மைல் தொலைவுகூடச் செல்லாமல் துறைமுகத்திலேயே கவிழ்ந்தது. குறுகிய உடல், இரண்டு தளங்களில் பீரங்கிகள், மேலே ஏற்றிய பாரம் மிகுதி. 333 ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்து 1961இல் மேலே வந்தது. அதன் முன் நின்றபோது எங்கள் முதல் பட்டியல் நினைவுக்கு வந்ததை ஒப்புக்கொள்கிறோம். பதினெட்டு வயது வரை இங்கே கட்டணம் இல்லை. மூன்று நாடுகளிலும் இத்தகைய சலுகை பல அருங்காட்சியகங்களில் உண்டு. ஆகவே நகர அட்டைகள் வாங்குமுன், உண்மையில் எத்தனை இடங்களுக்குள் நுழைவோம் என்று கூட்டிப் பார்ப்பது நல்லது. நாங்கள் கூட்டினோம்; வாங்கவில்லை. பழைய நகரில் நோபல் பரிசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1930இல் சி. வி. இராமன் பரிசு பெற வந்த ஊர் இது.

அந்தப் பழைய நகரில்தான் எங்களுக்குப் பாடம் கிடைத்தது. வங்கிக்காரர்களின் வழக்கப்படி, கையில் ரொக்கம் இருக்கட்டும் என்று சுவீடன் நாணயத்தில் ஆயிரத்துச் சொச்சம் வாங்கிச் சென்றிருந்தோம். காப்பிக் கடையில் 500 குரோனா தாளை நீட்டினால், கடைக்காரப் பெண் புன்னகையுடன் சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார்: ரொக்கம் ஏற்பதில்லை. அடுத்த கடையிலும் அதுவே. நிலையத்துக் கழிப்பறைக்கும் அட்டைதான். உள்ளூர் மக்கள் பயன்படுத்தும் கைப்பேசிப் பணச் செயலிகளுக்கு அந்நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும். பயணியர்க்கு அவை உதவா. ஐரோப்பாவிலேயே முதன்முதலாக வங்கித் தாள் வெளியிடப்பட்டது 1661இல், இதே ஸ்டாக்ஹோமில். அளவுக்கு மேல் தாள் அச்சிட்டு அந்த வங்கி வீழ்ந்த பின், 1668இல் தோன்றியதுதான் இன்று உலகின் மிகப் பழைய மத்திய வங்கியாக விளங்கும் ரிக்ஸ்பேங்க். தாள் பணம் பிறந்த ஊரில் எங்கள் தாளை வாங்க ஆள் இல்லை.

இரண்டு அட்டைகளை இரு வேறு பைகளில் வைத்திருந்தோம். பின்குறியீட்டை இருவரும் மனப்பாடம் செய்திருந்தோம். இணையத்தில் சீட்டு வாங்கும்போது வரும் கடவு எண்ணுக்காக நம் நாட்டுச் சிம் அட்டையை வெளிநாட்டுச் சேவையுடன் வைத்திருந்தோம். ரொக்கம் இல்லாமலே ஒன்பது நாட்களும் ஓடிவிட்டன.

மீதியாகும் அந்நியச் செலாவணியைத் திரும்பி வந்த 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் இருந்தது அதற்கு வெகு கீழேதான். இருந்தாலும் எங்கள் கிளையின் செலாவணிப் பிரிவிலேயே இரண்டு 500 குரோனா தாள்களையும் விற்றோம். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே இருந்த வேறுபாட்டைச் சக ஊழியர் சற்று உரக்கவே படித்துக் காட்டினார். ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் படம் அச்சிட்ட 20 குரோனா தாளை மட்டும் மகள் தரவில்லை. விடுதிக்குக் கொண்டு சென்ற பெட்டியில், அந்த நாட்காட்டிப் படத்துக்குப் பின்னால் அது இருக்கிறது.